சாவிக்கொத்தை ஒப்படைக்கும் நாள்



வணிகக் குடும்பங்கள் பலவற்றில் ஓசையின்றி நிகழும் துன்பம் ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுகள் காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, தராசைத் துடைத்துக் கல்லாவில் அமர்ந்த ஒருவரை, "இனி ஓய்வெடுங்கள்" என்று மக்கள் வீட்டில் அமர்த்திவிடுகின்றனர். அவரோ ஓய்வைக் கேட்டவர் அல்லர். வாடிக்கையாளரின் பெயரையும், அவர் வைத்துள்ள பாக்கியையும் பேரேடு பாராமலே சொல்லவல்ல அவருக்கு, விடிந்தால் செல்ல ஓர் இடமில்லை.

இல்லத்தரசியாரின் விருப்பமோ வேறு. கடை மாடியில் குடியிருந்தது போதும், பெருவீடு வேண்டும். மகளிர் சங்கத்தில் பதவி வேண்டும். அழைப்பிதழில் கணவர் பெயருக்குமுன் 'தொழிலதிபர்' என அச்சாக வேண்டும். இதனை வெறும் பகட்டு என ஒதுக்குவது அறமாகாது. கடைப் பணியாளர்க்கும் சேர்த்து உலை வைத்தவர் அவர். கணவருக்குக் கடைவீதி அளித்த மதிப்பில் அவருக்குப் பங்கு கிடைத்ததில்லை. இழந்த மதிப்பை ஒருவரும், கிடைக்காத மதிப்பை மற்றவரும் ஒரே கூரையின்கீழ்த் தேடுகின்றனர்.

பன்னிரண்டு அங்க ஆகமங்களுள் ஏழாவதாகிய உபாசக தசாங்கம், பகவான் மகாவீரரின் இல்லற அடியார் பதின்மரின் வரலாற்றைக் கூறுகிறது. அவர்களுள் முதல்வர் வாணிஜ்ய கிராமத்து ஆனந்தர். சேமிப்பில் 4 கோடிப் பொன், வட்டியில் 4 கோடி, இல்லப் பொருள்களில் 4 கோடி, 10,000 பசுக்கள் கொண்ட நிரைகள் 4 என்பது அவரது செல்வம். விரதம் ஏற்றபோது இவற்றை அவர் துறக்கவில்லை. இவற்றிற்கு மேல் வேண்டா என எல்லை வகுத்தார். வீடு திரும்பியதும் மனைவி சிவநந்தையிடம் அதனைக் கூறினார். அவ்வம்மையாரும் பகவானை அடைந்து விரதம் ஏற்றார். 14 ஆண்டுகள் கழிந்து 15ஆம் ஆண்டில், உற்றார் உறவினரை அழைத்து விருந்தளித்து, அவர்கள் முன்னிலையில் மூத்த மகனிடம் குடும்பப் பொறுப்பை ஒப்படைத்து, கொல்லாகத்திலிருந்த பௌஷத சாலைக்குச் சென்றார்.

விலகும் நாளை ஆனந்தரே தேர்ந்தார், ஊரறிய ஒப்படைத்தார், செல்ல ஓர் இடமும் செய்ய ஒரு நோன்பும் கொண்டிருந்தார். இம்மூன்றும் இல்லாமையே இன்றைய வணிகரின் துயரம். சிவநந்தையோ கணவரின் நிழலாக நில்லாமல், தாமே ஏற்ற விரதத்தால் தமக்கென ஒரு நிலை பெற்றார்.

அந்நூலிலேயே இராஜகிருகத்து மகாசதகரின் வரலாறும் உண்டு. அவர் மனைவி ரேவதி கொடிய நடத்தையுடையவள். நோன்பிலிருந்த கணவரை அவள் மயக்க முயன்றபோது, அவள் ஏழு நாட்களுள் இறந்து நரகம் புகுவாள் என்பதை அவதிஞானத்தால் அறிந்து, சினந்து உரைத்தார். சொன்னது மெய்யே. எனினும் பகவான், கௌதமரை அனுப்பி, மெய்யாயினும் பிறரை வருத்தும் சொல்லைச் சொன்னதற்குப் பிராயச்சித்தம் செய்யுமாறு பணித்தார். ரேவதியிடமே கடுஞ்சொல் ஆகாதெனில், நல்ல வீடொன்றை விரும்பும் துணைவியிடம் அது எங்ஙனம் தகும்? "கடைக்காரர்தானே" என்று கணவரைக் குறைத்துப் பேசும் நாவிற்கும் இவ்விதி பொருந்தும்.

ஆதலின், மக்கள் தந்தையைக் கேளாது சாவிக்கொத்தை வாங்குதல் வேண்டா. ஒப்படைக்கும் நாளை அவரே குறிக்கட்டும். அதன் பின்னும் புதிய பணியாளர்க்குச் சரக்கின் தரமும் நேர்மையான எடையும் கற்பிக்கும் பொறுப்பு அவருடையதாகட்டும். கடையை உணவளித்துக் காத்த அன்னையின் ஆற்றலுக்கு, அறக்கட்டளையின் அன்னதானமும் கல்வி உதவியும் காத்திருக்கின்றன. கணவனும் மனைவியும் ஒருநாள் ஒன்றாய் அமர்ந்து, வீடு எவ்வளவு, செலவு எவ்வளவு, பதவி எவ்வளவு என்று இருவருக்கும் உடன்பாடான ஓர் எல்லையை எழுதிக்கொள்வார்களாக. ஆனந்தர் தம் செல்வத்திற்குச் செய்ததும் அதுவே.