மனிதன் வெட்டிய ஏரிகள்



ஜெர்மனி நாட்டின் தென்மேற்கு மூலையில், ரைன் நதிக்கு மேற்கே, பால்ட்ஸ் என்னும் ஒரு நிலப்பகுதி இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்கும் அடர்ந்த காட்டிற்கும் பெயர்பெற்ற இடம் அது. ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அங்குள்ள ஏரிகளைப் பற்றி. அந்த மலைக்காட்டில் இயற்கையாக அமைந்த ஏரி என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றும் இல்லை. ஆயினும் பள்ளத்தாக்குதோறும் ஏரிகளைக் காணலாம். இது எப்படி என்ற கேள்வியோடுதான் நான் அங்கே சுற்றினேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேற்கிலிருந்து வரும் மழைக்காற்றை ஒரு மலைத்தொகுதி எதிர்கொண்டு நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கால்மிட் 673 மீட்டர் உயரம். நம் நீலகிரியோடு ஒப்பிட்டால் இது சிறு குன்றுதான். ஆனால் மழையைத் தன் மீதே பெய்யச் செய்வதற்கு அந்த உயரம் போதும். ஆகவே மலை முழுவதும் காடு. மலைக்குக் கிழக்கே மழை குறைவு, வெயில் மிகுதி. அங்கே அத்தியும் வாதுமையும்கூடப் பழுக்கின்றன. மலையடிவாரம் நெடுகத் திராட்சைத் தோட்டங்கள். அவற்றினூடே தெற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 85 கிலோமீட்டர் ஓடும் சாலைக்கு 'ஜெர்மன் திராட்சை மதுச் சாலை' என்று பெயர். 1935-ல் அது திறக்கப்பட்டது. மேற்கே உள்ள காடு ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1958-ல் இயற்கைப் பூங்காவாகவும், 1992-ல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அது அறிவிக்கப்பட்டது.

காடும் தோட்டமும் ஒன்றையொன்று நம்பி வளர்ந்தவை. கொடிக்குக் கொம்பு வேண்டும். காட்டிலுள்ள செஸ்ட்நட் மரம் அதைத் தந்தது. மதுவுக்குப் பீப்பாய் வேண்டும்; ஓக் மரம் அதைத் தந்தது. குளிர்கால அடுப்புக்கு விறகு வேண்டும். அதையும் காடே தந்தது. அந்த விறகின் கதையில்தான் ஏரிகளின் கதை அடங்கியிருக்கிறது.

இந்த மலை சிவந்த மணற்கல்லால் ஆனது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் அது. பெய்யும் மழையை அந்தக் கல் உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் பள்ளத்தாக்குகளில் ஊற்றாகக் கசியவிடுகிறது. ஆகவே ஓடைகளுக்குக் குறைவில்லை; நீர் தேங்கி நிற்பதற்குத்தான் இயற்கையில் இடமில்லை.

நொய்ஷ்டாட் என்னும் ஊரிலிருந்து எல்ம்ஷ்டைன் என்னும் காட்டுக் கிராமத்துக்குப் பழைய நீராவி ரயில் ஒன்று சில நாட்களில் ஓடுகிறது. 'குயில் ரயில்' என்று அதைச் செல்லமாக அழைக்கிறார்கள். பள்ளத்தாக்கின் கிளைப்பாதை 1909-ல் போடப்பட்டது. 1984 முதல் பழமையைப் பேணும் ரயிலாக அது ஓடி வருகிறது. நான் அதில் ஏறி, வழியில் ஹெல்ம்பாஹ் என்னும் இடத்தில் இறங்கினேன். சற்றுத் தொலைவில் ஓர் ஏரி. இருபுறமும் மரம் செறிந்த சரிவுகள். நடுவே தேநீரின் நிறத்தில் நீர். ஒரு முனையில் ஓடை வந்து கலக்கும் இடத்தில் குழந்தைகள் முழங்கால் நீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மறு முனைக்கு நடந்து சென்றேன். அங்கே ஒரு கரையும் நீர் வெளியேறும் மதகும் இருந்தன. கரையைக் கண்டவுடன் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நம் ஊர் ஏரியைப் போலவே இதுவும் மனிதன் அணைகட்டித் தேக்கிய நீர். இத்தகைய ஏரியை அந்நாட்டு மக்கள் 'வோக்' என்று அழைக்கிறார்கள்.

நம் முன்னோர் பயிருக்காக ஏரி கட்டினார்கள். இவர்கள் எதற்காகக் கட்டினார்கள்? மரத்தை மிதக்கவிடுவதற்காக! குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டுவார்கள். வெட்டிய விறகைத் துண்டுகளாக்கி ஓடைக்கரையில் அடுக்குவார்கள். வசந்தம் வந்ததும் விறகை ஓடையில் தள்ளி, மேலேயுள்ள ஏரியின் மதகைத் திறந்துவிடுவார்கள். தேங்கியிருந்த நீர் பெருவெள்ளமாகப் பாய்ந்து, விறகு முழுவதையும் சமவெளிக்கு இழுத்துச் செல்லும். வழியில் சிக்கிக்கொள்ளும் கட்டைகளைக் கொக்கி பூட்டிய நீண்ட கழிகளால் தள்ளிவிடத் தொழிலாளர்கள் பனிநீரில் இறங்கி நிற்பார்கள். சமவெளியில் ஆற்றின் குறுக்கே நிறுத்திய கிராதி, வந்த விறகைப் பிடித்துக்கொள்ளும்.

1816-ல் இப்பகுதி பவேரிய அரசின் ஆட்சிக்கு வந்தது. அவர்கள் காலத்தில் இந்த வேலை மிகப் பெரிய அளவில் நடைபெற்றது. ஓடைகளின் இருகரைகளிலும் மணற்கல் சுவர் எழுப்பி, வளைவுகளை நேராக்கினார்கள். அந்தச் சுவர்களை இன்றும் பாசி படிந்த நிலையில் காணலாம். பிறகு 1849-ல் ரைன் நதிக்கரையையும் நிலக்கரிச் சுரங்கப் பகுதியையும் இணைக்கும் ரயில்பாதை நிறைவுற்றது. நிலக்கரி மலிவாக வந்து சேர்ந்தது. விறகின் தேவை படிப்படியாகக் குறைந்தது. ஏரிகள் வேலையை இழந்தன.

வேலை இழந்த ஏரிகளின் பிற்கால வாழ்வு பலவிதம். சிலவற்றில் மீன் வளர்த்தார்கள். சில, நீராடும் இடங்களாயின. சில ஏரிகளில் மணலும் தழையும் படிந்து, அவை சதுப்பு நிலமாக மாறிவிட்டன. அங்கே பூச்சிகளைப் பிடித்துண்ணும் சிறு செடியும், பல வகைத் தும்பிகளும் குடியேறியிருக்கின்றன. ஆனால் இன்று அவர்கள் முன் ஒரு கடினமான கேள்வி நிற்கிறது. கரை இருக்கும் வரையில் ஓடை மீன்கள் மேலேறிச் செல்ல இயலாது. தேங்கிய நீர் வெயிலில் சூடேறி ஓடையையும் சூடாக்குகிறது. ஆகவே கரையை நீக்கி ஓடையை விடுவிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நூற்றுக்கணக்கான ஆண்டு வரலாற்றையும், ஏரியை அண்டி வாழும் உயிர்களையும் அழிக்கலாமா என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வோர் ஏரியையும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

காட்டை விட்டு இறங்கும் வழியில் பாட் டூர்க்ஹைம் என்னும் ஊருக்கு மேலே ஒரு பழைய கற்சுரங்கத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ கி.பி. 200-ல் ரோமானியப் படையின் 22-ஆம் பிரிவினர் கல் வெட்டிய இடம் அது. அவர்கள் பொறித்த எழுத்துக்களும் உருவங்களும் பாறையில் இன்னும் இருக்கின்றன. அங்கே நீர் தேங்கவில்லை. மலைமேல் இருப்பதால் விழுந்த மழை கீழிறங்கிவிடுகிறது. ஆனால் ரைன் சமவெளியில் குழி தோண்டினால் கதையே வேறு. அங்கே சில அடி ஆழத்திலேயே நிலத்தடி நீர் இருக்கிறது.

அந்தச் சமவெளி முழுவதும் ரைன் நதி கொண்டுவந்து குவித்த மணலும் சரளைக் கல்லும்தான். 19-ஆம் நூற்றாண்டில் டுல்லா என்னும் பொறியாளரின் திட்டப்படி, வளைந்து வளைந்து ஓடிய நதியை நேராக்கினார்கள். அதனால் நதியின் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் குறைந்தது. கைவிடப்பட்ட வளைவுகள் ஏரிகளாக நின்றன. இருபதாம் நூற்றாண்டில் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் கான்கிரீட் தேவைப்பட்டபோது, இந்தச் சரளையை இயந்திரங்கள் தோண்டி எடுத்தன. தோண்டிய குழிகளில் நிலத்தடி நீர் நிறைந்தது. ஆல்ட்ரிப் என்னும் ஊரின் அருகே உள்ள இப்படிப்பட்ட நீர்ப்பரப்புக்கு 'நீல அட்ரியா' என்று கடலின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய வேறொரு சிறு குளத்தின் கரையில் ஒரு நாள் பிற்பகல் நின்றேன். கடும் வெயில், தெளிந்த நீலநீர். காலை நனைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. இறங்கிவிடலாம் என்று சட்டையைக் கழற்ற முற்பட்டேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவர் கையசைத்து என்னைத் தடுத்தார். என் அரைகுறை ஜெர்மனைக் கேட்டுவிட்டு, அவர் வாயால் விளக்க முயலவில்லை. தம் பெட்டியிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக் கயிற்றில் கட்டினார். மேற்பரப்பில் வைத்துக் காட்டினார், 24 டிகிரி. பிறகு பத்து மீட்டர் கயிற்றை நீருக்குள் விட்டுச் சற்றுப் பொறுத்து வெளியே எடுத்தார்; 8 டிகிரி! மேலே ஆனி மாதம். கீழே அதுவரை நான் அறியாத ஒரு மார்கழி. பின்னர் நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டுத் தொலைவில் தம் நீண்ட கழியை ஊன்றினார். கழி முழுவதும் உள்ளே போயிற்று, தரை தட்டவில்லை. நான் சட்டைப் பொத்தான்களை மீண்டும் போட்டுக்கொண்டேன். எனக்கு நீந்தத் தெரியும். ஆனால் நன்றாகத் தெரியாது.

இதன் காரணத்தைப் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் அறிவார்கள். நீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்ந்திருக்கும். ஆகவே கோடையில் சூடான நீர் மேலே மிதக்கும். குளிர்ந்த நீர் அடியில் கிடக்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. வெயிலில் காய்ந்த உடம்பு திடீரென்று அந்தக் குளிரில் பட்டால், மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கும். அந்த ஒரு மூச்சில் நீர் புகுந்தால் நல்ல நீச்சல்காரனும் தடுமாறுவான். மேலும் இயந்திரம் தோண்டிய கரை செங்குத்தானது. அதன் சரளை காலடியில் சரியும் இயல்புடையது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடலில் இறப்பவர்கள் அல்லர். ஏரிகளிலும் ஆறுகளிலும் இறப்பவர்கள்.

இரண்டு நீர்நிலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காட்டு ஏரி நீரைத் தேக்குவதற்காகவே கட்டப்பட்டது. ஓடை நுழையும் தலைப்பில் ஆழம் குறைவு, கரையருகேதான் ஆழம், ஆபத்து எங்கே என்பதை மதகே காட்டிவிடும். சரளைக் குளமோ நீருக்காக வெட்டியதன்று. கல்லை எடுத்துக்கொண்டு போனவர்கள் விட்டுச்சென்ற பள்ளம் அது. மனிதன் இறங்குவதற்கு வசதியாக அதன் கரையை யாரும் அமைக்கவில்லை. காவலரும் எல்லை மிதவையும் உள்ள இடங்களில் மக்கள் அச்சமின்றி நீராடுகிறார்கள். அவை இல்லாத இடங்களில் அறிவிப்புப் பலகை மட்டும் நிற்கிறது.

நம் நாட்டிலும் கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகளில் நீலநீர் நிறைந்து நிற்கிறது. கோடை விடுமுறை நாட்களில் அங்கே இளைஞர்கள் மூழ்கிய செய்தியைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். உங்கள் வயதுடையவர்கள் அவர்கள். ஆகையால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நீர்நிலையின் அருகே போனால், இதை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்று ஊராரிடம் விசாரியுங்கள். நீர் எங்கே ஆழம், எங்கே குளிர், எங்கே கால் வைக்கலாம் என்பதையெல்லாம் அந்த விடையே சொல்லிவிடும். விடை கிடைக்காவிட்டால், என்னைப் போலக் கரையில் அமர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.