9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரை 12 வோல்ட் அடாப்டருக்கு மாற்றப் போகிறீர்கள். ரெசிஸ்டர்களை என்ன செய்வது? சப்ளை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, எல்லா ரெசிஸ்டரையும் அதே அளவு கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று. பேஸுக்கு மேலே 47 கிலோ ஓம், கீழே 10. கலெக்டரில் 4.7, எமிட்டரில் 1. சப்ளை 9 வோல்ட் என்றால் பேஸில் 1.58 வோல்ட் நிற்கும். பேஸைத் தாண்டுவதற்கே 0.65 வோல்ட் போய்விடும், மீதி 0.93 எமிட்டரில். அங்கே 1 கிலோ ஓம் என்பதால் ஓடும் மின்னோட்டமும் 0.93 மில்லி ஆம்பியர். கலெக்டர் 4.6 வோல்ட்டில், ஏறக்குறையப் பாதியில் நிற்கிறது. ஒலி அலை கீழே இறங்க 3.7 வோல்ட் இடம் இருக்கிறது.

இதற்கே 12 வோல்ட் கொடுங்கள். மின்னோட்டம் 1.45 ஆகிவிடும், கலெக்டர் 5.2 வோல்ட்டில் நிற்கும். அலை இறங்க இடம் எவ்வளவு? அதே 3.7! மூன்று வோல்ட் கூட்டியும் ஒலி உடையாமல் கூடுதலாக ஏற வழியில்லை. எல்லா ரெசிஸ்டரையும் ஒரே விகிதத்தில் கூட்டினாலும் இதே கதைதான்: மின்னோட்டம் குறையும், வோல்ட்டுகள் அசையாது. சப்ளை கூடினாலும் அந்த 0.65 கூடுவதில்லையே!

ஆகவே பழைய மின்னோட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். பேஸில் மறுபடி 1.58 வோல்ட் வர மேல் ரெசிஸ்டர் 66 கிலோ ஓம் வேண்டும். கடையில் கிடைப்பது 68. நீலம், சாம்பல், ஆரஞ்சு. மின்னோட்டம் 0.89 ஆகும், பாதகமில்லை. கலெக்டரை 6 வோல்ட்டில் நிறுத்த 6.8 கிலோ ஓம். நீலம், சாம்பல், சிவப்பு. மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம். இப்போது அலை இறங்க 5 வோல்ட் இடம். பெருக்கமும் கொஞ்சம் கூடும். அது வேண்டாதவர்கள் வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அடாப்டரைச் செருகுமுன் கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். மேலே 10 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கழற்றிவிட்டு, 25 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள்.