சூதும் கைத்தொலைபேசியும்

(தோட்டக் குடும்பங்களுக்காகக் கலேவெலயில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலேவெலயில் தேயிலை கிடையாது. நெல்லும் வெங்காயமும் விளைகிற வெயில் பூமி இது. அப்படியிருந்தும் ரத்தோட்டைப் பக்கம், எல்கடுவப் பக்கத் தோட்டங்களில் இருந்தெல்லாம் உங்களை இங்கே இறங்கி வரச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் பிள்ளைகளில் பலபேர் இப்போது மலையில் இல்லை. குருணாகலை, தம்புள்ளை வீதியோரத்துக் கடைகளில் நிற்கிறார்கள். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் நாலைந்து பேராகப் படுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கையில் சம்பளம் இருக்கிறது, ஃபோன் இருக்கிறது, ராத்திரியில் கேட்பதற்கு ஆள் இல்லை. அவர்களும் இன்றைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பிமாரே, முன்னால் வரலாம், யாரும் அடிக்க மாட்டோம்.

லொத்தர் டிக்கட் வாங்குகிற பெரியவர்களைத் திட்டுவதற்கு நாம் வரவில்லை. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அபிவிருத்தி லொத்தர் சபை 1983இல் வந்தது. அரசாங்கமே சந்தியில் மேசை போட்டு விற்கிற சீட்டு அது. 2023 ஜூலையில் ஒரு டிக்கட் 20 ரூபாவிலிருந்து 40 ரூபாவாக ஏறியபோது, வாங்குகிறவர்கள் பலர் ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் லொத்தருக்கும் ஃபோன் சூதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லொத்தர் வாங்கினால் சீட்டிழுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு வேலி. ரேஸ் புக்கிக்குப் போவதென்றால் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். போகிற வழியில் சித்தப்பா பார்ப்பார், கங்காணி பார்ப்பார், "எங்கடா தம்பி, பேர் போடாம இந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி வரும். அதுவும் ஒரு வேலி. காசு தீர்ந்தால் வீட்டுக்குத் திரும்பி வரத்தான் வேண்டும், அது மூன்றாவது வேலி. ஃபோனில் இந்த மூன்று வேலியும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ளே படுத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கிற பெண்சாதிக்கும் தெரியாமல், ஒரு நிமிஷத்தில் பத்துத் தடவை பந்தயம் கட்டலாம். காசு முடிந்தால் பேங்க் கணக்கிலிருந்து இன்னும் கொஞ்சம். அதுவும் முடிந்தால் ஃபோனிலேயே கடன் கொடுக்கிறவன் இருக்கிறான்.

இந்த விளையாட்டுகள் எப்படிக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை என்று தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தெளியும். சக்கரம் சுற்றுவது, பழம் மூன்றும் ஒன்றாக வருவது, ஆகாய விமானம் மேலே ஏறுவது எல்லாம் படம்தான். உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. 100 ரூபா கட்டினால் சராசரியாக 95 ரூபா திரும்பி வரும்படி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "பரவாயில்லையே, அஞ்சு ரூபாதானே" என்று தோன்றும். ஆனால் யாரும் ஒரு தடவையோடு நிறுத்துவதில்லையே. 1000 ரூபாவை வைத்து, வந்ததை மறுபடி கட்டி, அதில் வந்ததை மறுபடி கட்டி என்று 14 சுற்றுப் போனால் சராசரியில் பாதிக்கு மேல் போய்விடும். 14 சுற்றுக்கு ஃபோனில் எத்தனை நிமிஷம்? ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். நடுவில் ஒருவனுக்குப் பெரிய தொகை விழுவது உண்மை. அந்தப் பெரிய தொகை மற்றவர்களுடைய அஞ்சு அஞ்சு ரூபாதான்.

அடுத்தது இந்த போனஸ். "2000 போடு, நாங்கள் 2000 சும்மா தருகிறோம்" என்பான். கீழே சின்ன எழுத்தில், போனஸ் தொகையை 30 தடவை பந்தயத்தில் சுற்றினால்தான் காசை வெளியே எடுக்கலாம் என்று இருக்கும். 2000த்தை 30ஆல் பெருக்குங்கள். 60,000 ரூபாவுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். நூற்றுக்கு அஞ்சு வீதம் போனாலும் 3000 ரூபா போகும். அவன் சும்மா கொடுத்தது 2000. அஞ்சாம் வகுப்புக் கணக்கு இது. எங்கள் பிள்ளைகள் போடுவார்கள், அந்த நேரத்தில் போடத் தோன்றாது, அவ்வளவுதான்.

மூன்று படத்தில் ரெண்டு ஒன்றாக வந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நிற்கும். பார்க்கிறவனுக்கு "ஐயோ, கொஞ்சத்தில் போச்சே" என்று இருக்கும். கொஞ்சத்தில் போவதும் முழுசாகப் போவதும் ஒன்றுதான், ரெண்டிலும் காசு இல்லை. ஆனால் மனசு அதைத் தோல்வி என்று எடுக்காமல் வெற்றிக்குப் பக்கம் என்று எடுக்கிறது. விரலும் மறுபடி அமர்த்துகிறது.

நம் தோட்டங்களில் அருச்சுனன் தபசு விடிய விடிய ஆடுவார்கள். தபசு மரத்தில் அருச்சுனன் ஏறுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவர் ஏன் காட்டுக்குப் போனார் என்று கேட்டால், தருமர் சூதில் தோற்றார் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் தருமர் ஒரு தடவை அல்ல, ரெண்டு தடவை ஆடினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். முதல் ஆட்டத்தில் நாடு, தம்பிமார், தான், பெண்சாதி எல்லாம் போயிற்று. பிறகு திரௌபதி கேட்ட வரத்தால் திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்குப் போகிற வழியில் மறுபடி ஆட வா என்று ஆள் வந்தது. தருமர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். பதின்மூன்று வருஷ வனவாசமும் அஞ்ஞாதவாசமும் அந்த ரெண்டாவது ஆட்டத்தில் வந்தவை. தருமம் தெரிந்த மனுஷனே அப்படி என்றால், பதினெட்டு வயதுத் தம்பியை மட்டும் புத்தி கெட்டவன் என்று ஏசுவதில் நியாயம் இல்லை. திருக்குறளிலும் 94ஆவது அதிகாரம் முழுவதும் சூதுதான். பழைய நோய் இது. மருந்துக்காரர்களும் இன்று இதை நோய் என்றே எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறும் இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இலங்கையில் 1889ஆம் ஆண்டிலேயே சூதாட்டத்துக்குக் கட்டளைச் சட்டம் போட்டார்கள். அப்போது மின்சாரமே அபூர்வம். ஃபோன் சூதையும் சேர்த்துக் கவனிக்கும் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் 2025இல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாட்டில் நீண்ட இழுபறி நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது, 2022 ஒக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது, ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், சட்டசபை மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ரம்மி திறமை விளையாட்டு என்று அந்தப் பகுதியை மட்டும் நீதிமன்றம் விலக்கியது. பிறகு 2025இல், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை காசு வைத்து விளையாடக் கூடாது என்று விதி போட்டார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டும் அந்த விதி நின்றது. அதே வருஷம் ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இணையத்தில் காசு வைத்து ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது.

அந்தப் 12 முதல் 5 என்ற விதி நமக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு அரசாங்கம் வேண்டியதில்லை. ராத்திரி ஃபோனை அடுப்படியில் வைத்துவிட்டுப் படுப்பது என்று வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

"பொறுப்போடு விளையாடுங்கள்" என்று விளம்பரத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போடுகிறார்கள். அதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அதிகம் இழக்கிறவனிடம்தான் அவனுக்கு அதிக லாபம். பிறகு யார் யாரைப் பொறுப்பாக இருக்கச் சொல்வது? ஆகவே விளையாடாமல் இருப்பதே மேல் என்பது எங்கள் எண்ணம். என்றாலும் இங்கே இருக்கும் சிலர் நாளைக்கும் விளையாடுவார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

தொடங்குவதற்கு முன்னாடியே தொகையை முடிவு செய்யுங்கள், அந்தக் காசு போய்விட்டது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்க டிக்கட் எடுத்தால் அந்தக் காசு திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லையே. பேங்க் அட்டையை விளையாட்டோடு இணைத்து வைக்காதீர்கள். இணைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குடித்திருக்கும்போது, சண்டை போட்ட ராத்திரியில், சம்பளம் போட்ட அன்று தொடவே வேண்டாம். விட்டதைப் பிடிக்க ஒருநாளும் கட்டாதீர்கள். தருமருடைய ரெண்டாவது ஆட்டம் அதுதான். எடுக்கிற காசை ரூபாவில் எண்ணாமல் பேரில் எண்ணிப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நாள் கூலி 1350 ரூபா என்று வந்தது. அந்தக் கணக்கில் 5000 ரூபா என்றால் அம்மா கிட்டத்தட்ட நாலு நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தது. இப்படி எண்ணினால் விரல் தானாகக் கொஞ்சம் நிற்கும்.

தயவு செய்து உங்கள் பேங்க் கணக்கை யாருக்கும் வாடகைக்குக் கொடுக்காதீர்கள். "உன் கணக்கில் காசு வரும், எடுத்துக் கொடு, உனக்குப் பங்கு" என்று சொல்லி வருவார்கள். சூதுக் காசும் மோசடிக் காசும் இப்படித்தான் கைமாறுகிறது. 2024 ஒக்டோபரில் கண்டி குண்டசாலையில் இணைய மோசடிக்காக நூற்றுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர்கள் பிடிபட்டார்கள். பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவனைத்தான்.

எல்லாவற்றையும் விட எங்களுக்குப் பயம் சேமலாப நிதியைப் பற்றித்தான். முப்பது நாற்பது வருஷம் கூலியில் நூற்றுக்கு 8 உங்களுடையதும், 12 தோட்டத்தினுடையதும் சேர்ந்து வந்த காசு. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வருகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வருகிற பெரிய தொகை. அம்மாவுக்கு எழுதப் படிக்கக் கஷ்டம் என்பதால் மகனுடைய ஃபோனில்தான் பேங்க் செய்தி வரும், ரகசிய இலக்கமும் மகனுக்குத்தான் தெரியும். மகன் நல்ல பிள்ளைதான். ஆனால் கடனில் இருக்கிற நல்ல பிள்ளைக்கு அந்தக் காசு பக்கத்தில் இருப்பது பெரிய சோதனை. ஆகவே அம்மாமாரே, அந்தப் பணத்தை நிலையான வைப்பில் போடுங்கள். அட்டை வேண்டாம், புத்தகம் மட்டும் போதும். புத்தகம் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். கூச்சப்பட்டு மகனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் ஒருவர் சிக்கியிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? மாசா மாசம் முற்பணம் கேட்பார். தீபாவளி முற்பணம் வாங்கினதும் காணாமல் போகும். தோடு, மோதிரம் அடகுக் கடைக்குப் போயிருக்கும், "கழுவக் கொடுத்திருக்கு" என்று பதில் வரும். ஃபோனைத் தலைகீழாக வைப்பார், தூங்க மாட்டார், சும்மா கேட்டாலும் எரிந்து விழுவார். அப்போது அடிக்க வேண்டாம், ஃபோனைக் கல்லில் போட்டு உடைக்கவும் வேண்டாம். இன்னொரு ஃபோன் வாங்க இன்னொரு கடன்தான் வரும். உட்கார வைத்து யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். முழுத் தொகையும் ஒரே நாளில் வெளியே வராது, ரெண்டாம் மூன்றாம் நாள்தான் மிச்சம் வரும். கடனைக் கட்ட அவர் கையில் காசு கொடுக்காதீர்கள், கடன் கொடுத்தவரிடம் நேராகக் கட்டுங்கள். சிங்கப்பூரில் சூதில் விழுந்தவரை கசினோவுக்குள் விடக்கூடாது என்று குடும்பத்தாரே விண்ணப்பம் போடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. நமக்கு இருப்பது குடும்பமும் அந்தத் தாளும்தான்.

கடன் பெருகி, "நான் இருந்து என்ன செய்ய" என்று யாராவது சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் இருங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்கில் காட்டலாம், காசு இல்லை. அங்கே போகிறவரைப் பைத்தியம் என்று லயத்தில் யாரும் பேசக் கூடாது.

நேரமாகிவிட்டது, மாத்தளை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். கடன் துண்டு, அடகுச் சீட்டு, பேங்க் புத்தகம் கொண்டு வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு மேடைக்கு இடப் பக்கத்து மேசைக்கு வாங்க. கணக்கை எழுத ஆள் இருக்கிறது. பெயர் கேட்க மாட்டோம்.