லேத் மோட்டார் ஏன் மறுபடி எரியுது?

ஒட்டன்சத்திரத்துல லேத் பட்டறை வச்சிருக்கவங்க புலம்புறது இதுதான்: "போன மாசம் கட்டின காயிலுங்க, மறுபடி எரிஞ்சிருச்சு." கட்டினவரைத் திட்டுறதுக்கு முன்னாடி மோட்டாரைப் பிரிச்சுப் பாருங்க. ஸ்டார் இணைப்புல ரெண்டு பேஸ் காயில் கருகி ஒண்ணு புதுசாவே இருந்தா, ஒரு பேஸ் வராம ஓடியிருக்கு. டெல்டான்னா ஒண்ணு மட்டும் கருகும்.

புதுக் காயிலை மாட்டி ரெண்டு நொடி ஆன் பண்ணி, கிளாம்ப் மீட்டர்ல பாருங்க. உறுமினா உடனே ஆஃப். ஆம்பியர் காட்டாத வயர்தான் ஆள். டெஸ்டரை நம்பாதீங்க, மோட்டார் முனையில செத்த பேஸும் எரியும், காயில் வழியா திரும்பி வர்றது அது. ஸ்டார்ட்டருக்குள்ள வர்ற மூணு ஜோடியிலயும் 415 வோல்ட் பக்கம் இருந்தா, மெயினை ஆஃப் பண்ணிட்டு கான்டாக்டர் பாயின்ட்டைக் கழட்டிப் பாருங்க.

ரிலே அடிக்கடி விழுதுன்னு திருகை ஏத்தி வச்சிருப்பீங்களே, டி.ஓ.எல். ஸ்டார்ட்டர்னா அதையும் மோட்டார் பிளேட்ல உள்ள ஆம்பியருக்கே இறக்கிடுங்க.