நாடகமும் சுவைஞர் கடமையும்

நாடகம் முடிந்து வெளியே வரும்போது, "எப்படி இருந்தது?" என்று ஒருவரையொருவர் வினவுகிறோம். "நன்று" அல்லது "நன்றன்று" என ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு வீடு திரும்புகிறோம். பல வாரம் உழைத்த கலைஞர்க்கு அத்தீர்ப்பு நீதியாகுமா என்பதைச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

ஒருமுறை தெருக்கூத்துக் கண்டபோது அருகிருந்த நண்பர், "இவ்வளவு உரக்கக் கத்துவானேன்? முகத்தில் இத்துணைப் பூச்சு எதற்கு?" என்று சலித்துக்கொண்டார். கூத்துப் பிறந்த இடம் ஊர்ப் பொதுவெளி. அன்று ஒலிபெருக்கி இல்லை, விளக்கொளியும் மங்கலே. கடைசியில் அமர்ந்திருக்கும் உழவருக்கும் துரியோதனன் துரியோதனனாகவே தோன்றவேண்டும். அதற்காகவே அகன்ற கிரீடமும், கட்டை அணிகளும், உச்சக்குரலும் அமைந்தன. அங்கே மெல்லிய பேச்சை எதிர்பார்ப்பது கூத்தின் குறையன்று, நம் குறையே.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த இசைநாடகத்திலோ பாட்டே உயிர். அவையோர் "ஒன்ஸ்மோர்" என்று முழங்கினால், கதை நிற்கும். பாட்டு மீண்டும் ஒலிக்கும். அதனைக் கதையோட்டத்திற்கு ஊறு எனலாம்; ஆனால் அவ்வவையோர் இசையறிந்து கேட்டனர் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, உரைநடை நாடகம். 1891ஆம் ஆண்டில் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச விநோதினி சபையார் தெலுங்கு நாடகங்களை நடித்தனர். கற்றோர் மேடையேறக் கண்டு ஊக்கமுற்ற பம்மல் சம்பந்த முதலியார், அவ்வாண்டே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். இன்று கர்நாடகத்திலுள்ள ஓர் ஊர் தமிழ் நாடகத்திற்குச் செய்த இவ்வுதவியை, இம்மண்ணில் வாழும் நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

இனி, நடிப்பிற்கு வருவோம். உள்ளத்து உணர்வு உடலிற் புலப்படுதலை 'மெய்ப்பாடு' என்று தொல்காப்பியம் எட்டாக வகுத்தது. கண்ணீரை வரவழைப்பது மட்டும் நடிப்பாகாது. அக்கண்ணீர்க்குரிய துயரம் முன்னரே உள்ளத்தில் உருவாகியிருக்க வேண்டும். உருசிய நாட்டு ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர்க்குக் கற்பித்ததும் அகத்தின் உண்மையையே. 1912இல் பிறந்த தி. க. சண்முகம், முப்பது வயதளவில் ஔவையாராக நடித்தார். 'அவ்வை' என்னும் அடைமொழி அவர் பெயரோடு நிலைத்தது. ஆடவர் என்பதையும் இளையவர் என்பதையும் அவையோர் மறந்தனர். அதுவே அவர் பெற்ற வெற்றி.

ஆகவே, தீர்ப்பளிக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம். இது எவ்வகை நாடகம்? அவ்வகைக்குரிய நெறியில் நடிகர் நின்றாரா? ஒருவர் பேசும்போது மற்றவர் உண்மையாகவே கேட்டாரா, அன்றித் தம் முறை வரும்வரை சும்மா நின்றாரா? மூன்றாவதைக் கூர்ந்து நோக்கினால் குழுவின் பயிற்சி முழுதும் விளங்கிவிடும். கைத்தட்டலை நம்பி மதிப்பிடாதீர். சொடுக்கு வசனத்திற்குத் தட்டும் கை எளிது. நல்ல மௌனத்தின்போது இருமலும் எழாத அவை அரிது.

இந்நகரில் 2004இல் திறக்கப்பட்ட ரங்க சங்கராவில், நேரந்தவறி வருவோரை உள்ளே விடுவதில்லை. கடுமை என்பர் சிலர். கலைக்குச் செய்யும் மரியாதை என்பேன் யான். கன்னட அன்பர் தம் நாடகத்தைக் காசு கொடுத்துக் காண்கின்றனர். நாமோ இலவச நுழைவுச்சீட்டுப் பெற்று, பாதியில் வந்து, முடியுமுன் எழுந்து, திரைப்படம்போல் இல்லை என்று குறைகூறுகிறோம்.

நம் பிள்ளைகளுள் பலர் தமிழைப் பேசுவர், படிக்க அறியார். அவர்கட்குச் செவிவழியே தமிழ் புகட்ட நாடகத்தினும் சிறந்த வாயில் எது? அவ்வாயில் அடைபடாதிருக்க வேண்டுமெனில், ஆண்டுக்கு ஒரு தமிழ் நாடகத்தையேனும் பிள்ளைகளோடு முழுமையாகக் காணுங்கள். மறுநாள் காலை அதனைப்பற்றி அவர்களோடு உரையாடுங்கள். அவர்கள் ஒரு காட்சியை நினைவுகூர்ந்து நடித்துக் காட்டினால், அந்நாடகம் வென்றது. நம் தமிழும் வென்றது.