பெஞ்சில் உட்கார்ந்த பையனிடம் என்ன சொன்னோம்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பு’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்குப் பாடம் எடுக்கிறவன். ஆனால் இன்று கால்பந்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வகுப்பறைக்கு வந்துவிடுவேன்.

எங்கள் பாலசமுத்திரத்தில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில் கிரிக்கெட் பேசத்தான் கூட்டம் அதிகம். கால்பந்து பேச ஏழெட்டுப் பேர்தான் தேறுவோம். ஒருவர் இருசக்கர வாகன மெக்கானிக், ஒருவர் தென்னந்தோப்புக்காரர், மற்றவர்கள் கல்லூரிப் பையன்கள், அப்புறம் நான். 2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு அந்தக் கடையில் நடந்த சண்டை இன்னும் என் மனதில் இருக்கிறது.

முதல் நாள் இரவு கோவா ஃபட்டோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டி. பெங்களூருவும் ஏ.டி.கே. மோகன் பகானும் மோதின. 2-2 என்று சமனாகி, பெனால்டியில் 4-3 என்று பெங்களூரு தோற்றது. ஆனால் சண்டை தோல்வியைப் பற்றியது அல்ல. ஒரு பையனைப் பற்றியது.

அந்தப் பையன் சிவசக்தி நாராயணன். நம் சிவகங்கை மாவட்டம், காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்க்காரர். அப்போது அவருக்கு வயது 21. அதே அணியில் அதே முன்களத்தில் ஆடுகிறவர் சுனில் சேத்ரி, வயது 38. இந்தியாவுக்காக அதிக கோல் அடித்தவர். அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் பயிற்சியாளர் சைமன் கிரேசன் ஒரு முடிவு எடுத்தார். சிவசக்தியைத் தொடக்கத்திலிருந்து ஆட வைத்தார். சேத்ரியைப் பெஞ்சில் உட்கார வைத்தார். நாட்டின் மிகப் பெரிய வீரர், பெஞ்சில்!

என்ன நடந்தது? தடுமாறிக்கொண்டிருந்த பெங்களூரு தொடர்ந்து 8 லீக் ஆட்டங்களை வென்று நான்காம் இடம் பிடித்தது. அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில், டியூரண்ட் கோப்பை இறுதிப் போட்டியில் சிவசக்தி கோல் அடித்து அணி கோப்பையை வெல்லக் காரணமாக இருந்தார். அந்த லீக் பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. சேத்ரியும் சும்மா இருக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கேரளாவுக்கு எதிரான ஆட்டத்திலும் மும்பைக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்திலும் வெற்றி கோலை அடித்தார்.

இறுதிப் போட்டி தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதில் சேத்ரி வந்தார். பெனால்டியில் ஒரு கோலும் அடித்தார். ஆனால் கோப்பை கிடைக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் சொன்னார்: “ஃபைனல்ல போய்ச் சின்னப் பையனை இறக்குவாங்களா சார்? அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல?” கல்லூரிப் பையன்கள் விடவில்லை: “அண்ணே, எட்டு மேட்சு ஜெயிச்சப்ப நல்ல பையன், இப்ப சின்னப் பையனா?” தோப்புக்காரர் மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சரியாக இரண்டு வருடம் கழித்து அதே கடையில் அதே சண்டை தலைகீழாக நடந்தது. 2024 ஜூனில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விடைபெற்ற சேத்ரியை, இந்திய அணியின் பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார். அப்போது சேத்ரிக்கு வயது 40. “நாற்பது வயசுக்காரரை இறக்கினா இளசுகள் எப்ப ஆடுறது?” என்று பையன்கள் கொதித்தார்கள். மெக்கானிக் அண்ணனுக்குக் கொண்டாட்டம். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 3-0 வெற்றி, அதில் சேத்ரிக்கும் ஒரு கோல். ஆறு நாள் கழித்து அதே ஊரில் வங்கதேசத்துடன் ஆடியபோது ஒரு கோலும் விழவில்லை. பையன்களுக்கு மறுபடி வாய் வந்தது.

யார் சொன்னது சரி? பயிற்சியாளர் பக்கமும் நியாயம் உண்டு. 2024-ஆம் ஆண்டு முழுவதும் இந்திய அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. அந்த லீக் பருவத்தில் இந்திய வீரர்களில் அதிக கோல் அடித்தவர் சேத்ரிதான். 14 கோல். வேறு யாரைக் கூப்பிடுவது? இளம் முன்கள வீரர்கள் ஏன் குறைவு என்று கேட்டால் பதில் அதற்கும் கீழே இருக்கிறது. லீக்கில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்கள் களத்தில் நிற்கலாம். 2021-க்கு முன்பு 5 பேர். கோல் அடிக்கும் இடத்தைப் பெரும்பாலும் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஆடாத பையன் எப்படித் தேறுவான்? தேறாத பையனை எந்தப் பயிற்சியாளர் இறக்குவார்? நம் வகுப்பில் கரும்பலகைக்கே வராத குழந்தையைத் திடீரென்று போட்டிக்கு அனுப்ப முடியாது அல்லவா, அதே கதைதான்.

இதற்கு இந்தியாவில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 2017-இல் நம் நாட்டில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தது. கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த கோல்தான் ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல். போட்டி முடிந்ததும் அந்தப் பையன்கள் என்ன ஆவார்கள்? பெரிய அணிகளில் சேர்ந்தால் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஆகவே அவர்களில் பலரையும் மற்ற இளம் வீரர்களையும் சேர்த்து, ‘இந்தியன் ஆரோஸ்’ என்ற அணியாக ஐ-லீக்கில் ஆட வைத்தார்கள். வெளிநாட்டு வீரர்கள் கிடையாது. எத்தனை முறை தோற்றாலும் கீழ்ப் பிரிவுக்கு இறக்க மாட்டார்கள்.

முதல் ஆட்டத்தில் நம் சென்னை சிட்டி அணியையே 3-0 என்று வென்றார்கள். ஆனால் பருவம் முடிந்தபோது கடைசி இடம். அட்டவணையைப் பார்த்தவர்கள் தோல்வி என்றார்கள். ஆனால் அந்த அணியில் ஆடிய அபூயா என்கிற லாலெங்மாவியா, 2020-21 இந்தியன் சூப்பர் லீக்கின் சிறந்த வளரும் வீரர் ஆனார். ஜீக்சன் இந்திய அணியின் நடுக்கள வீரர் ஆனார். 2022-இல் அந்த அணி நிறுத்தப்பட்டது வேறு விஷயம்.

நம் மொழியில் சொன்னால் இந்தியன் ஆரோஸ் ஒரு வளரறி மதிப்பீடு. தப்பு செய்யலாம், திருத்திக்கொள்ளலாம், யாரும் தள்ளிவிட மாட்டார்கள். மற்ற அணிகளுக்கு எல்லா ஆட்டமும் தொகுத்தறி மதிப்பீடு. நேராகப் பரீட்சைதான்.

வாய்ப்பை அள்ளிக் கொடுத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஸ்பெயினின் பெட்ரி 18 வயதில், 2020-21-இல், கிளப்புக்கும் நாட்டுக்குமாக 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். யூரோ கோப்பை முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் போனார். அடுத்த பருவத்தில் தொடைத் தசைக் காயத்தால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதாயிற்று. பேச்சுப் போட்டி, கட்டுரை, ஓவியம், கலைத் திருவிழா, வினாடி வினா என எல்லாவற்றுக்கும் ஒரே குழந்தையை நாம் அனுப்புகிறோமே, அந்தக் குழந்தைதான் நம் பள்ளியின் பெட்ரி.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். அங்கே உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் இல்லாததால் கால்பந்து அணியை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். ஒல்லி, இடது கால்காரன். பந்து காலில் ஒட்டிக்கொண்டே போகும். 14 வயதுக்குட்பட்டோர் குறுவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனோம். எதிரணிப் பையன்கள் எல்லாம் வாட்டசாட்டமானவர்கள். அவனை இறக்கினால் அடிபடுவான் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால், கோப்பை போய்விடுமோ என்றும் பயந்தேன். ‘அடுத்த வருஷம் இவன்தான் கேப்டன்’ என்று மனதுக்குள் முடிவு செய்து, அன்று முழுக்க வெளியே உட்கார வைத்தேன். எல்லாருடைய செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

1-0 என்று ஜெயித்தோம். காலை வணக்கக் கூட்டத்தில் கைத்தட்டல், புகைப்படம் எல்லாம் நடந்தது. ஆகவே என் முடிவு சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் அவன் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “வீட்ல வேண்டாம்ங்கிறாங்க சார்” என்றான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஐ.டி.ஐ. படிப்பதாகவும் விடுமுறையில் வேலைக்கு வருவதாகவும் சொன்னான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சுவாக்கில் கேட்டான்: “சார், அன்னைக்கு ஃபைனல்ல... நான் அவ்வளவு மோசமாவா ஆடிக்கிட்டு இருந்தேன்?”

“இல்லப்பா, நீ நல்லா ஆடுவே. உன்னைய அடுத்த வருஷம் கேப்டனாக்கணும்னு வெச்சிருந்தேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்” என்றான். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். டீ டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

நண்பர்களே, அவனை இறக்காமல் இருந்தது தவறா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டது தவறு. அது எனக்குத் தெரியும். சேத்ரிக்கு 38 வயது. பெஞ்சில் உட்கார்ந்தால் ஏன் என்று புரிந்துகொள்ள அவருக்கு இருபது வருட அனுபவம் இருந்தது. 12 வயதுப் பையனுக்கு அப்படி எதுவும் இல்லை. ‘நீ லாயக்கில்லை’ என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். டீக்கடையில் நாங்கள் எல்லாரும் ‘யாரை இறக்குவது’ என்றே சண்டை போட்டோம். இறக்காத பையனிடம் அன்று மாலை யார் என்ன பேசினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்களைப் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

ஒன்று, பெயர்ப் பட்டியலை வாசிப்பதற்கு முன்பே, இடம் கிடைக்காத குழந்தைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன். ஏன் இந்த முறை இல்லை, எதைப் பழக வேண்டும், எப்போது வாய்ப்பு வரும் என்று மூன்றே செய்திகள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். சொன்ன தேதியில் வாய்ப்பைக் கொடுத்துவிட வேண்டும். அது முக்கியம்.

இரண்டு, வாரத்தில் ஒரு மாலை, முடிவை யாரும் எழுதி வைக்காத ஆட்டம். வந்தவர்கள் எல்லாரும் குறைந்தது பத்து நிமிடம் ஆட வேண்டும். எங்கள் இந்தியன் ஆரோஸ் அதுதான். வகுப்பிலும் அப்படியே. வெள்ளிக்கிழமைக் கணக்கு வகுப்பில் தப்பாகப் போடுகிறவர்கள்தான் முதலில் கரும்பலகைக்கு வர வேண்டும். மதிப்பெண் கிடையாது.

மூன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள், யார் கரும்பலகைக்கு வந்தார்கள், காலை வணக்கக் கூட்டத்தில் யார் செய்தி வாசித்தார்கள் என்று ஒரு கோடு போட்டு வைப்பேன். முதல் மாதம் நோட்டைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. 31 பிள்ளைகளில் 9 பேருக்கு ஒரு கோடுகூட இல்லை. ஒரே பெண் குழந்தைக்குப் பதினேழு கோடு. அந்த ஒன்பது பேரும் வகுப்பில் தொந்தரவு செய்யாத பிள்ளைகள். அதனால்தான் என் கண்ணில் படவில்லை. பதினேழு கோடு வாங்கிய குழந்தையின் அம்மா ஒருநாள் வந்து, “ராத்திரி தூக்கத்துலயும் பேச்சுப் போட்டிக்கு ஒப்பிக்குது சார்” என்றார். அவளைக் கொஞ்ச நாள் சும்மா விட்டேன். இரண்டு பக்கமும் தவறு என்னுடையதுதான்.

இதற்கெல்லாம் தனி நிதி வேண்டாம், தனிப் பாடவேளையும் வேண்டாம். அடுத்த மாதம் குறுவட்டப் போட்டிகள் வருகின்றன. அதன் பிறகு கலைத் திருவிழா. ஒவ்வொரு பட்டியலிலும் சில பெயர்கள் இருக்கும், பல பெயர்கள் இருக்காது. இல்லாத பெயர்க்காரர்களிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன்.