கொடிக்கயிறு யார் கையில்?



காவி தியாகம், வெள்ளை தூய்மை, பச்சை செழிப்பு என்று தேசியக் கொடிக்குப் பள்ளியில் விளக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். இது பின்னால் வந்த விளக்கம். 1921இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொடுத்த வரைவில் இருந்தவை சிவப்பும் பச்சையும்தான். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்ற மதத்தாருக்காக வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார் காந்தி. மேலே ராட்டை. இந்தக் கணக்கில் தீண்டப்படாதோர் எங்கே? சிவப்புக்குள் அடக்கியாயிற்று, அவர்களைக் கேட்காமலேயே. சீக்கியர்கள் எங்கள் நிறம் எங்கே என்று கேட்டார்கள். அந்தத் தகராறு வளர்ந்துதான், 1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி சிவப்பைக் காவியாக்கி, நிறங்களுக்கு மதப் பொருள் இல்லை என்று அறிவித்தது.

அதே பம்பாய், அதே ஆகஸ்ட். 14ஆம் தேதி மணி பவனில் அம்பேத்கர் காந்தியைச் சந்திக்கிறார். எனக்குத் தாய்நாடு இல்லை என்கிறார். குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காத நாட்டை எப்படித் தாய்நாடு என்பது என்று கேட்கிறார். கொடிக்கு நிறம் முடிவாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்த வரலாற்றுப் புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.

1947 ஜூனில் அரசியல் நிர்ணய சபை, ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்குழு அமைத்தது. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். ஜூலை 22 அன்று நேரு தீர்மானத்தை முன்மொழிந்தார். ராட்டை போய், சாரநாத் தூணில் உள்ள அசோகரின் சக்கரம் வந்தது. நேரு சொன்ன காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது: ராட்டையில் ஒருபுறம் சக்கரம், மறுபுறம் கதிர். கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் மாறித் தெரியும். ராட்டை இல்லாத கொடியை வணங்கமாட்டேன் என்றார் காந்தி. சக்கரத்தைக் கொண்டுவந்ததே அம்பேத்கர்தான் என்று நம் மேடைகளில் பேசுகிறோம். ஒரு குழுவின் முடிவை ஒருவருக்கு மட்டும் எழுதி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அந்தக் குழுவில் இருந்தார், ராட்டையின் இடத்துக்கு பௌத்தப் பேரரசரின் சக்கரம் வந்தது. நாம் பேச இதுவே போதும்.

2002ஆம் ஆண்டின் கொடி விதிகள் துணியைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகின்றன. நீள அகலம் 3:2, காவி மேலே, கிழிந்த கொடி கூடாது. கையால் நூற்று நெய்த துணிதான் வேண்டும் என்றிருந்ததை 2021 டிசம்பரில் திருத்தி பாலியெஸ்டரையும் இயந்திரத்தையும் உள்ளே விட்டார்கள். ராட்டை அப்போதுதான் முழுதாக வெளியேறியது என்று சொல்லலாம். கொடியை அவமதித்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டுவரை சிறை.

இனி கயிற்றுக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 15, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவர் பட்டியல் சாதிப் பெண். சுதந்திர தினத்தன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து, ஐந்து நாள் கழித்து, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்தில் நிற்க அவர் ஏற்றினார். தேர்தலில் வென்ற ஒருவர் கயிறு இழுக்க எஸ்.பி. வர வேண்டியிருக்கிறது! ஒரு ஊரின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்.

கொடியைக் கிழித்தால் தேசத்துக்கு அவமானம், கொடியேற்ற வந்தவரைத் துரத்தினால் ஊர்ப் பிரச்சினை. நம் காவல் நிலையங்களில் புழங்கும் சட்ட அறிவு இதுதான். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 3(1)(எம்) என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறை. கொடியேற்றுவதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

அடுத்த கொடியேற்றத்துக்கு உங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஆள் இழுத்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தலைவரிடம் தனியாகப் பேசுங்கள். அவர் புகார் கொடுக்க முன்வந்தால் கூடவே போங்கள், புகாரில் பிரிவு எண்ணைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.